அடுப்ப அணைச்ச நிமிஷத்துல இருந்தே கணக்கு ஆரம்பிச்சிடுது

கேள்வி: மேடம், நாங்க குடியாத்தம். கெங்கையம்மன் சிரசு திருவிழா அன்னிக்கு சொந்தக்காரங்க நெறைய பேர் வந்ததால வீட்லயே பெரிய குண்டான்ல மட்டன் பிரியாணி பண்ணோம். மதியம் 1 மணிக்கு தம் எறக்கினது, ஆளுங்க வந்துக்கினும் போய்க்கினும் இருந்ததால அப்படியே அடுப்பு மேலயே மூடி இருந்துச்சு, ராத்திரி 9 மணிக்குதான் மீந்தத குண்டானோட ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். மறுநாள் காலைல நல்லா சூடு பண்ணிதான் குடுத்தேன், வாடை எதுவும் இல்ல, ஆனா சாப்ட்டு ரெண்டு மணி நேரத்துல பசங்க ரெண்டு பேருக்கும் வாந்தி. டாக்டர்கிட்ட காட்டி இப்ப சரியாயிட்டாங்க. சூடு பண்ணியும் ஏன் இப்படி ஆச்சு? மாமியார் என்னன்னா ஃப்ரிட்ஜ்ல வெச்சதாலதான் கெட்டுச்சு, கொழம்ப ரெண்டு வேளை கொதிக்க வெச்சாலே போதும்னு சொல்றாங்க. நான் டீச்சர், காலைல ஏழரைக்கு கிளம்பணும், மீந்தத வெச்சுதான் பாதி நாள் ஓடுது. இட்லி மாவு மூணாம் நாளே புளிச்சிடுது, கொத்தமல்லி அழுகிடுது, கரண்ட் வேற அடிக்கடி போகுது. அவ்ளோ பிரியாணியும் கடைசில எதிர்வீட்டு மாட்டுக்குதான் போட்டோம். எதை எப்படி எவ்ளோ நாள் வெக்கணும்னு சொல்லுங்க. பேர் போடாதீங்க.

பதில்:

பசங்க தேறிட்டாங்கன்னு எழுதினது நிம்மதிம்மா. ஹோட்டல், ஹாஸ்டல் மெஸ், கல்யாண சமையல்காரங்களுக்கு சாப்பாட்ட பாதுகாப்பா வெக்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்கறதுதான் என் வேலை, வேலூர் சுத்துப்பட்டுல வெயில் காலத்துல எனக்கு வர்ற கேள்வில முக்காவாசி உங்க கேள்விதான், குண்டான் சைஸ் மட்டும்தான் மாறும். மொதல்ல பஞ்சாயத்த முடிச்சிடலாம். உங்க மாமியார் சொல்ற மாதிரி ஃப்ரிட்ஜ் கெடுக்கல, நீங்க நெனைக்கற மாதிரி சூடு பண்ணதுல கொறை வெச்சதாலயும் இல்ல. 1 மணில இருந்து 9 மணி வரைக்கும் அந்த குண்டான் மூடி வெதுவெதுன்னு அடுப்பு மேல உக்காந்திருந்துச்சு பாருங்க, அந்த எட்டு மணி நேரத்துல எல்லாம் முடிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் சரி, கொதிக்க கொதிக்க சூடு பண்ணாலும் சரி, முடிஞ்சது முடிஞ்சதுதான்.

சாப்பாடு 60 டிகிரிக்கு மேல இருந்தா கிருமி பெருகாது, 5 டிகிரிக்கு கீழ இருந்தா பெரும்பாலான கிருமி சோம்பிடும், நடுவுல இருக்கற 5ல இருந்து 60 வரைக்கும்தான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சமைச்சத வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெக்காதீங்கன்னு சொல்லுது, அமெரிக்க விவசாயத் துறை கணக்குல வெளிய 32 டிகிரிக்கு மேல இருந்தா ஒரு மணி நேரம்தான். நம்ம ஊர்ல சிரசு வர்றது வைகாசி ஒண்ணு, கத்திரி நடுவுல, வெளிய 40 டிகிரிய தாண்டும், ஷீட்டு போட்ட சமையக்கட்டுன்னா கேக்கவே வேணாம், ஒரு மணி நேர கணக்குதான் நமக்கு. ஃபேன் ஓடுதே சில்லுன்னுதானே இருக்குன்னு தோணும், ஃபேன் நம்ம வேர்வையதான் காய வெக்குது, மூடி வெச்ச குண்டானுக்குள்ள ஒண்ணும் பண்ணாது.

இப்ப "சூடு பண்ணியும் ஏன்"ங்கற உங்க கேள்வி. அரிசில பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இயல்பாவே இருக்கும், மண்ணுல இருந்து வர்றது, நீங்க எத்தனை தடவை களைஞ்சாலும் முழுசா போகாது. சோறு வேகும்போது கிருமி செத்துடும் ஆனா அதோட வித்து சாகாது, நெல் விதை காய்ஞ்சு கெடந்து தண்ணி பட்டதும் மொளைக்குதே அந்த கதைதான், சூடு கொறைஞ்சு வெதுவெதுப்பு வந்ததும் முளைச்சு பெருக ஆரம்பிச்சிடும். பெருகும்போது சோத்துலயே ஒரு நஞ்ச விட்டுட்டு போகும். அந்த நஞ்சு இருக்கே, 121 டிகிரில ஒன்றரை மணி நேரம் வெச்சாலும் அழியாது, குக்கர்ல விசில் விட்டாகூட பிரயோஜனம் இல்ல. சூடு பண்ணப்ப கிருமி செத்துருக்கும், நஞ்சு அப்படியே இருந்திருக்கும். நிறம் மாறாது, வாடை வராது, நாக்குக்கு ருசி பிரியாணி ருசிதான். அதனால மோந்து பாத்து முடிவு பண்ற பழக்கத்த இந்த ஒரு விஷயத்துல மட்டும் நம்பாதீங்க, ஊசிப்போன வாடை வர வெக்கறது வேற கிருமிங்க, வாந்தி வர வெக்கற கிருமி சத்தமே போடாது.

கடுதாசிய வெச்சு இதுதான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா சாப்ட்டு ஒண்ணுல இருந்து அஞ்சாறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா பெரும்பாலும் முன்னாடியே உருவான நஞ்சுதான் காரணம், ஒண்ணு இந்த அரிசி கிருமி, இல்லாட்டி கையில மூக்குல புண்ணுல இருந்து வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸ், அதோட நஞ்சும் சூட்டுக்கு அசையாது. கறி கொழம்பு சாப்ட்டு எட்டு மணி நேரம் கழிச்சோ ராத்திரியோ வயித்த பெசைஞ்சு லூஸ் மோஷன் ஆனா அது வேற ஒண்ணு, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ், பெரிய அண்டா கறிக்கொழம்புன்னா அதுக்கு உசுரு, 45 டிகிரி பக்கத்துல சூடு இருந்தா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரெட்டிப்பாகும். ரெட்டிப்புன்னா என்னன்னு டீச்சர் உங்களுக்கு நான் சொல்லணுமா, ஒண்ணு ஒரு மணி நேரத்துல 64, மூணு மணி நேரத்துல ரெண்டரை லட்சத்துக்கு மேல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒரு லிட்டர் அளவு ஓஆர்எஸ் பாக்கெட்ட ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில முழுசா கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா ஸ்பூன்ல குடுங்க, டம்ளர் டம்ளரா ஊத்தாதீங்க திரும்ப வாந்திதான் வரும். கொழந்தை ஒண்ணுக்கு போகாம இருந்தாலோ, சோர்ந்து தூங்கிக்கினே இருந்தாலோ, ரத்தம் போனாலோ, குடிச்சதெல்லாம் வெளிய வந்தாலோ வீட்ல வெச்சு பாத்துக்கினு இருக்காதீங்க, உடனே கூட்டிட்டு போயிடுங்க.

குண்டானோட ஃப்ரிட்ஜ்ல வெச்சீங்க இல்ல, அது ரெண்டாவது பிரச்சனை. நெருக்கமா அடைஞ்ச சோத்தோட ஆழம் ரெண்டு மடங்கானா நடுப்பகுதி ஆறறதுக்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு நேரம் ஆகும், அதனால ஓரத்துல தொட்டா சில்லுன்னு இருக்கும், நடு ராத்திரி வரைக்கும் உள்ள கதகதன்னு இருக்கும். அது ஒரு பக்கம், அவ்ளோ பெரிய சூடான பாத்திரத்த வெச்சதும் பக்கத்துல இருக்கற பாலு தயிரு மாவு எல்லாத்தோட சூடும் ஏறும், சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் பாவம் ராத்திரி பூரா மூச்சு வாங்கிக்கினு இருக்கும்.

அப்ப என்ன பண்ணணும். எல்லாரும் சாப்ட்டு முடிக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, இதுதான் கஷ்டமான பகுதி எனக்கு தெரியும், ஏன்னா நம்ம வீட்ல விருந்தாளி இருக்கும்போது சாப்பாட்ட எடுத்து வெச்சா "என்ன எடுத்து மூடிட்டா, நம்மள கெளம்ப சொல்றாளா"ன்னு ஆகிடும். அதனால எறக்கும்போதே ரெண்டா பிரிச்சிடுங்க. பந்திக்கு இப்ப வேண்டியது குண்டான்ல இருக்கட்டும், லேசா தணல் போட்டு இல்ல தோசைக்கல்லு மேல வெச்சு ஆவி பறக்கற சூட்டுலயே வெச்சிருங்க, ஆவி பறந்தா பயமில்ல. மிச்சம்னு தெரியறத ரெண்டு மூணு தாம்பாளத்துல பரப்புங்க, ரெண்டு இஞ்ச் உயரத்துக்கு மேல போகக்கூடாது, மெல்லிசு துணி போட்டு மூடி ஃபேனுக்கு கீழ வெச்சா அரை மணி முக்கா மணில சூடு எறங்கிடும். ஒடனே சின்ன சின்ன டப்பால போட்டு ஃப்ரிட்ஜ். கொழம்பு ரசம்னா பாத்திரத்தோட ஒரு பெரிய டப்ல தண்ணி ஊத்தி அதுக்குள்ள எறக்கி வெச்சு கரண்டியால கலக்கிக்கினே இருங்க, தண்ணி சூடானா மாத்துங்க, ஐஸ் இருந்தா அந்த தண்ணில போடுங்க, ஃபேன் காத்த விட தண்ணி ரொம்ப சீக்கிரம் சூட்ட இழுத்துடும். கல்யாண சமையல்காரங்களுக்கு நான் சொல்றதும் இதேதான், அவங்க அண்டாவ அசைக்கவே முடியாதுன்னு சண்டைக்கு வருவாங்க, அசைக்க முடியாததாலதான் அள்ளி பரப்ப சொல்றேன்.

சூடா ஃப்ரிட்ஜ்ல வெச்சா கெட்டுடும், கம்ப்ரஸர் போயிடும்னு ஒரு பயம் எல்லார்கிட்டயும் இருக்கு. கொதிக்கற குண்டான வெக்க சொல்லல, ஆவி அடங்கி, கையில டப்பாவ புடிக்கற அளவுக்கு லேசான சூடு இருந்தா தாராளமா வெக்கலாம். "சுத்தமா ஆறட்டும்"னு காத்திருக்கறதுதான் தப்பு, கத்திரி வெயில்ல அது ஆறவே ஆறாது, அறை சூடே 37, 38 இருக்கும்போது எங்கருந்து ஆறறது.

மாமியார் விஷயத்துக்கு வர்றேன். அவங்கள மொத்தமா தள்ளிடாதீங்க, அவங்ககிட்ட இருக்கற பழக்கத்துல பாதி ரொம்ப சரியானது. எச்சில் கரண்டிய கொழம்புல விடாத, கைய விட்டு எடுக்காத, ஈரக்கரண்டி ஊறுகாய்க்கு ஆகாது, கீரைய ராத்திரிக்கு வெக்காத, இதையெல்லாம் அவங்க சும்மா சொல்லல. கையில இருக்கற கிருமி சாப்பாட்டுல எறங்குது, எச்சில்ல இருக்கற அமைலேஸ் கூழையும் கஞ்சியையும் தண்ணியா நீர்க்க வெச்சிடும், ஈரம் பட்டா ஊறுகாய் பூஞ்சை புடிக்கும், கீரைல இருக்கற நைட்ரேட் வெளிய கெடந்தா கிருமியால நைட்ரைட்டா மாறும். ஆனா கொதிக்க வெச்சு வெச்சு காப்பாத்தறது மட்டும் அரைகுறை வேலைம்மா. நல்லா தளதளன்னு கொதிச்சா அப்ப இருக்கற கிருமி சாகுது சரி, வித்து சாகல, அடுத்த வேளைக்குள்ள அது மறுபடி மொளைக்கும், நடுவுல நஞ்சு உருவாகியிருந்தா அதுவும் அப்படியே இருக்கும். அவங்க காலத்துல வேளாவேளைக்கு கொஞ்சமா ஆக்கி, புளி தூக்கலா போட்டு, அன்னன்னிக்கே காலி பண்ணாங்க, அதுக்கு அந்த பழக்கம் போதும். பருப்பும் காயும் போட்ட சாம்பார், தேங்கா அரைச்சு ஊத்தின கொழம்பு, கறி, இதெல்லாம் மே மாசத்துல ரெண்டு வேளை கொதிக்க வெச்சு ரெண்டு நாள் ஓட்டறது சரிப்படாது. வத்தக்கொழம்பு, புளிக்காய்ச்சல் மாதிரி புளியும் எண்ணெயும் உப்பும் தூக்கலா தண்ணி வத்தினது வேற, அதுல கிருமிக்கு தண்ணியும் கிடைக்காது, புளிப்பும் விடாது.

"அப்ப பழைய சோறு மட்டும் எப்படி, நாங்க அதுலதானே வளந்தோம்"னு அடுத்து கேப்பாங்க, பதில் ரெடியா வெச்சுக்கோங்க. பழைய சோத்துல தண்ணி முழுசா மூடற மாதிரி ஊத்தறோம், அந்த தண்ணிக்குள்ள லாக்டிக் அமில பாக்டீரியா வளந்து புளிப்பு ஏறுது, புளிப்பு ஏற ஏற மத்த கிருமிக்கு எடம் இல்லாம போகுது. ராத்திரி சோறு ஆறினதும் தண்ணி ஊத்தி, விடிஞ்சதும் மோர் விட்டு சாப்ட்டா சரி. மதியம் வடிச்ச சோறு ராத்திரி வரைக்கும் சும்மா மூடி கெடந்து, அப்புறம் தண்ணி ஊத்தறது பழைய சோறு கெடையாது, அதுக்குள்ள அந்த அரிசி கிருமி தன் வேலைய முடிச்சிருக்கும். கொழகொழன்னு நூலு உட்டாலோ, மேல கலர் கலரா படர்ந்தாலோ யோசிக்காம கீழ ஊத்துங்க. பிரியாணி மீந்தத தண்ணி ஊத்தி வெக்கறத ஒரு எடத்துல பாத்தேன், அத பத்தி நான் ஒண்ணும் சொல்லல.

எவ்ளோ நாள்னு கேட்டீங்க. நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல போனதுன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன், எட்டு மணி நேரம் வெளிய கெடந்ததுக்கு எந்த கணக்கும் கெடையாது. சோறு, பிரியாணி, லெமன் ரைஸ் எல்லாம் மறுநாளோட முடிச்சிடுங்க. சாம்பார், கூட்டு, பொரியல் ரெண்டு நாள், மட்டன் சிக்கன் கொழம்பு மூணு நாள், அதுக்கு மேல இழுக்காதீங்க. மீன் கொழம்பு மறுநாள்தான் ருசின்னு நானும் ஒத்துக்கறேன், ஆனா அந்த ராத்திரிய அது ஃப்ரிட்ஜ்லதான் கழிக்கணும், மண்சட்டில திண்ணைல இல்ல. தேங்கா சட்னிய அன்னிக்கே முடிச்சிடணும், காலைல அரைச்சத மதியம் டப்பால எடுத்துட்டு போகாதீங்க. பச்சை கறி, கோழி, மீன் வாங்கினா ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள், அதுக்கு மேல வேணும்னா வாங்கின அன்னிக்கே ஒரு வேளைக்கு ஒரு பாக்கெட்டா பிரிச்சு ஃப்ரீசர்ல தட்டையா வெச்சிடுங்க, மொத்தமா ஒரே கட்டியா வெச்சுட்டு ஞாயித்துக்கெழமை சுத்தியல தேடாதீங்க. உறைஞ்சத கரைய வெக்கறதுக்கு முதல் நாள் ராத்திரியே கீழ் தட்டுல எடுத்து வெக்கணும், சிங்க்ல போட்டுட்டு ஸ்கூலுக்கு போயிட்டு வந்து பாத்தீங்கன்னா வெளிப்பக்கம் மூணு மணி நேரமா வெதுவெதுன்னு இருந்திருக்கும்.

சூடு பண்றது ஒரே தடவைதான். மொத்த டப்பாவையும் சூடு பண்ணி மிச்சத்த மறுபடி உள்ள வெக்காதீங்க, வேண்டிய அளவு மட்டும் தனியா எடுத்து, கொழம்புன்னா நடுவுல தளதளன்னு கொதிக்கணும், சோறுன்னா கிளறி கிளறி உள்ளேருந்து ஆவி வரணும், 74 டிகிரின்னு கணக்கு, தெர்மாமீட்டர் இல்லாட்டி நாக்கு சுடற சூடுன்னு வெச்சுக்கோங்க. மைக்ரோவேவ்னா பாதில நிறுத்தி ஒரு தடவை கலக்கணும், அது அங்கங்க சுடும் அங்கங்க சில்லுன்னு விட்டுடும்.

டிஃபன் பாக்ஸ் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா நீங்க ஏழரைக்கு கட்டறத பன்னண்டரைக்கு மேலதான் பிரிக்கறீங்க, அஞ்சு மணி நேரம். நேத்து மீந்த பிரியாணிய லேசா சூடு காட்டி பசங்களுக்கு கட்டறது வேண்டவே வேண்டாம். அன்னிக்கு வடிச்ச சோத்துல புளிசாதம், லெமன் சாதம், தயிர் சாதம் கட்டுங்க, புளிப்பு கூட தொணைக்கு இருக்கும், தயிர் சாதத்துக்கு பால் ஊத்தி ஒரு ஸ்பூன் தயிர் விட்டு கட்டற பழக்கத்த வெயில் காலத்துல விட்டுட்டு நேரா தயிரே ஊத்துங்க. ஹாட்பேக் நம்பிக்கைய கொஞ்சம் கொறைச்சுக்கோங்க, கொதிக்க கொதிக்க நெறைய போட்டு ரெண்டு மணி நேரத்துல சாப்ட்டா நல்லது, அரை டப்பா ஆறின சோறு போட்டா மதியம் வரைக்கும் கிருமிக்கு தோதான வெதுவெதுப்பதான் அது காப்பாத்தும்.

இன்னொண்ணு, ஆம்பூர்ல இருந்தோ வாணியம்பாடில இருந்தோ யாராவது பிரியாணி பார்சல் வாங்கிட்டு வருவாங்க, சீரக சம்பா, கூட ஒரு பாக்கெட் கத்திரிக்கா தொக்கு, தயிர் பச்சடி, ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வரும், பசங்க தூங்கியிருக்கும், காலைல சாப்டலாம்னு ஃப்ரிட்ஜ்ல போவும். உங்க வீட்டு கடிகாரத்துல அது பதினோரு மணிக்கு வந்துச்சு, அது தம் எறங்கினது எப்போன்னு உங்களுக்கு தெரியாது. அந்த மாதிரி பார்சல வந்தப்பவே ஆவி பறந்தா பிரிச்சு சாப்ட்ருங்க, வெறும் வெதுவெதுப்பா இருந்தா எனக்கு வேண்டாம்னு சொல்ற தைரியம் வேணும். கல்யாண வீட்டு பார்சலும் அப்படித்தான்.

மாவுக்கு வாங்க. புளிக்கறது கெட்டுப்போறது இல்ல, மாவுல லூக்கோனோஸ்டாக் மாதிரி நல்ல பாக்டீரியா அமிலமும் காத்தும் உண்டாக்கறதாலதான் பொங்குது, அது நிக்காம தொடர்ந்தா புளிப்பு. மார்கழில 12 மணி நேரம் ஆகறது கத்திரில அஞ்சு ஆறு மணி நேரத்துல முடிஞ்சிடும், நீங்க பழக்கத்துல ராத்திரி பூரா வெளிய விடறீங்கன்னு நெனைக்கறேன். அரைக்கும்போதே ஃப்ரிட்ஜ் தண்ணி ஊத்தி அரைங்க, கிரைண்டர் சூட்டுல மாவு வெதுவெதுன்னு ஆகறது கொறையும். ரெண்டு பாத்திரமா பிரிச்சு, ஒண்ண மறுநாளைக்கு பொங்க விடுங்க, இன்னொண்ண அரைச்ச உடனேயே ஃப்ரிட்ஜ்ல வெச்சிட்டு வேண்டிய முந்தின நாள் ராத்திரி மட்டும் வெளிய எடுத்து வெங்க. உங்க வீட்ல மாவு மூணாம் நாள் புளிக்கறதுக்கு பெரிய காரணம் இன்னொண்ணு இருக்கும், காலைல மாவு சட்டிய அடுப்பு பக்கத்துல வெச்சு ஒவ்வொருத்தரா எழுந்து வந்து தோசை ஊத்திக்கற வரைக்கும் ரெண்டு மணி நேரம் அங்கயே கெடக்கும், அப்புறம் உள்ள போகும், சாயங்காலம் மறுபடி வெளிய. வேண்டியத ஒரு கிண்ணத்துல எடுத்துட்டு சட்டிய உடனே உள்ள தள்ளினீங்கன்னா அஞ்சு நாள் தாங்கும். புளிச்சத வெங்காயம் பச்சமொளகா போட்டு குழிப்பணியாரம் ஊத்திடுங்க. ரோஸ் கலர்லயோ கருப்பாவோ புள்ளி வந்தா மேல எடுத்துட்டு மிச்சத்த ஊத்தற வேலை வேணாம், முழுசா கொட்டிடுங்க.

ஃப்ரிட்ஜ்ல இருக்கற நம்பர் திருகிய நெறைய பேர் தப்பா புரிஞ்சிக்கறாங்க, பெரும்பாலான சிங்கிள் டோர்ல நம்பர் ஏற ஏற சில்லு ஏறும், வெயில் காலத்துல ரெண்டுல வெச்சிருந்தா நாலுக்கு ஏத்துங்க. உள்ள 4 டிகிரி இருக்கணும், ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி ஒரு டம்ளர் தண்ணில போட்டு நடு தட்டுல ராத்திரி வெச்சு காலைல பாருங்க, நெறைய பேர் வீட்ல 9, 10 காட்டும்போது மொகம் மாறிடும். கதவு ரப்பர்ல பத்து ரூபா நோட்ட வெச்சு மூடி இழுங்க, சுளுவா வந்துட்டா ரப்பர் போச்சு. பால கதவுல வெக்காதீங்க, தெறக்க தெறக்க சூடாகற எடம் அது, அங்க சாஸ் ஊறுகாய் வெங்க. பச்சை கறி எப்பவும் கடைசி தட்டுல, மூடின டப்பால, தண்ணி சொட்டி கீழ இருக்கற தயிர்ல விழக்கூடாது.

கரண்ட் போனா ஃப்ரிட்ஜ தெறக்காம இருந்தா நாலு மணி நேரம் தாங்கும். பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்தற நாள் முன்கூட்டியே தெரியும்ல, முதல் நாளே ரெண்டு மூணு பாட்டில் தண்ணிய ஃப்ரீசர்ல உறைய வெச்சு, நிறுத்தறதுக்கு முன்னாடி கறி, பால் பக்கத்துல எறக்கி வெங்க. நெறைய அடைச்ச பெரிய ஃப்ரீசர் ரெண்டு நாள் தாங்கும்னு சொல்றது சிங்கிள் டோர்ல மேல இருக்கற சின்ன தட்டுக்கு பொருந்தாது. நீங்க ஊர்ல இல்லாதப்போ என்ன நடந்துச்சுன்னு தெரியணும்னா ஒரு டம்ளர்ல தண்ணிய உறைய வெச்சு அது மேல ஒரு ரூபா காசு வெச்சிட்டு போங்க, வந்து பாக்கும்போது காசு அடில இருந்தா நடுவுல எல்லாம் கரைஞ்சு மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம், ஃப்ரீசர்ல இருக்கற கறிய தூக்கிப் போட்டுடலாம்.

காய்கறி சுருக்கமா. கொத்தமல்லி அழுகறது ஈரத்தால, மார்க்கெட்ல தண்ணி தெளிச்சு வெச்சிருப்பாங்க, நீங்களும் வந்து ஒரு தடவை கழுவி கவர்ல கட்டி வெப்பீங்க. கழுவாதீங்க, வேர நறுக்கி, அழுகின எலைய எடுத்துட்டு ஃபேன்ல ஈரம் போக ஒலத்தி பருத்தி துணில சுத்தி டப்பால வெங்க, பத்து நாள் வரும், நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க மை ஒட்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடைல போடாதீங்க, ரெண்டும் ஒண்ண ஒண்ணு கெடுக்கும், ரெண்டுமே ஃப்ரிட்ஜுக்கு வெளியதான். நம்ம பக்கத்து கத்திரிக்கா, அதுவும் 2023ல புவிசார் குறியீடு வாங்கின இலவம்பாடி முள்ளு கத்திரிய வாங்கி வாரம் பூரா ஃப்ரிட்ஜ்ல வெக்கறது அதுக்கு பண்ற கொடுமை, 10 டிகிரிக்கு கீழ தோல்ல குழி விழும், உள்ள விதை கருக்கும், ரெண்டு நாளைக்கு வேண்டியத வாங்கி நெழல்ல வெச்சு சமைச்சிடுங்க. பூண்ட உரிச்சு பச்சையா எண்ணெய்ல போட்டு வெளிய வெக்காதீங்க, காத்தில்லாத எண்ணெய்க்குள்ள பொட்டுலிசம்ங்கற நோய வர வெக்கற விஷம் உருவாக வாய்ப்பு இருக்கு. புளி விட்டு நல்லா வதக்கின பூண்டு தொக்கு வேற, அதுக்கு அந்த பயம் கொறைவு.

கடைசியா அந்த மாடு. வீணாப்போன சோத்த மாட்டுக்கு போட்டா புண்ணியம்னு நெனைச்சுதான் போட்டிருப்பீங்க, ஆனா அண்டா கணக்குல சோறு தின்னா மாட்டோட பெரிய வயித்துல மாவுச்சத்து மொத்தமும் புளிச்சு அமிலமாகி, வயிறு உப்பி, நடக்க முடியாம படுத்துடும், திருவிழா முடிஞ்ச மறுநாள் கால்நடை டாக்டர்ங்களுக்கு வர்ற கேஸ்ல இது ஒண்ணு, செத்துப்போறதும் உண்டு. எதிர்வீட்ல மாடு இரை எடுக்குதா அசை போடுதான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க, அசை போடலன்னா அவங்கள இன்னிக்கே டாக்டர கூப்பிட சொல்லுங்க. அடுத்த வருஷம் சிரசுக்கு அரிசிய கொஞ்சம் கொறைச்சே போடுங்க, மீந்துடும்னு தெரிஞ்சா ரெண்டு மணிக்குள்ள சூடா இருக்கும்போதே டப்பா டப்பாவா கட்டி பக்கத்து வீடுங்களுக்கு குடுத்து, "இப்பவே சாப்ட்ருங்க, ராத்திரிக்கு வெக்காதீங்க"ன்னு வாயால சொல்லி குடுங்க.